வெலிமிர் பார்த்த பதம்

எங்கள் அரிலியே ஊரில் தபால்காரனாக வேலைக்குச் சேருகிறவன் குடிகாரனாகத்தான் ஓய்வு பெறுவான். அதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை. ஓய்வூதியத்தைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிற மனிதனை வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடு இந்த மலைப்பக்கத்தில் கிடையாது. உள்ளே வா, உட்கார், ஒரு சின்ன கிளாஸ் பிளம் சாராயம் குடி. முப்பது வீடு என்றால் முப்பது கிளாஸ். இப்போதைய தபால்காரர் வெலிமிருக்கு முன்னால் இருந்த ராடிச்சைக் கடைசி மூன்று வருடம் சைக்கிள்தான் ஓட்டிக்கொண்டு போனது. சாயங்காலமானால் அது அவரை ஏதாவது ஒரு ராஸ்பெரி வேலியில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

வெலிமிர் யெவ்ஜோவிச் சாராயத்தைத் தொடாதவர். அவர் அப்பா குடித்தே செத்தவர் என்பதால் சின்ன வயதிலேயே எடுத்த முடிவு அது. இருபத்தாறு வருடமாக அதற்காக ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பாதிரியார் பிரசங்கத்தில் அவர் பேரைச் சொன்னார். குடிகாரப் புருஷன்களைக் கட்டிக்கொண்ட பெண்கள், அவர் தெருமுனையில் திரும்பும்போதே, "பாருய்யா, அந்த மனுஷனைப் பாரு" என்று காட்டினார்கள். வெலிமிரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சைக்கிளை மிதிப்பார்.

சரி, குடிக்காத மனிதனுக்கு என்னதான் கொடுப்பது? ஸ்லாட்கோ கொடுத்தார்கள். முழுப் பழம் உடையாமல் கெட்டிப் பாகில் காய்ச்சிய இனிப்பு அது. விருந்தாளி வீட்டுக்குள் வந்ததும் ஒரு தட்டில் ஸ்லாட்கோக் கிண்ணம், சின்ன ஸ்பூன்கள், டம்ளரில் தண்ணீர். ஒரு ஸ்பூன், ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, தண்ணீரைக் குடித்து, ஸ்பூனை டம்ளருக்குள் போட்டு, "கைக்கு ஆரோக்கியம்" என்று வீட்டுக்காரியைப் பாராட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணை முகத்தில் அடித்ததற்குச் சமம். வெலிமிர் யாரையும் அடித்ததில்லை. செர்ரி, பிளம், அத்தி, தர்பூசணித் தோல் என்று வீட்டுக்கு ஒன்றாக முப்பது ஸ்பூன் விழுங்கினார். அதற்குமேல் காபி, காபியோடு ரோஜா மணக்கும் ரத்லுக் மிட்டாய். சட்டைப் பையில் தனியாக ஏழெட்டு சர்க்கரைக் கட்டிகள், வழியில் ஏற்றம் வந்தால் தெம்புக்கு. அரிலியேயில் ஏற்றம் இல்லாத வழி ஏது?

ஒருவன் நாலு கிளாஸ் குடித்தால் புத்தி சொல்லப் பத்துப் பேர் வருகிறார்கள். முப்பது ஸ்பூன் பாகு விழுங்கினால் அதே பத்துப் பேர், "தங்கமான மனுஷன், பச்சைக் குழந்தை மாதிரி" என்கிறார்கள். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அவருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. அவர் மனைவி லியூபின்கா போடும் ராஸ்பெரி ஸ்லாட்கோ ஒரு காலத்தில் இந்தத் தாலுகாவிலேயே பேர்போனது. பழம் ஒவ்வொன்றும் பறித்த மாதிரியே நிற்கும், பாகு கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். பதினாலு வருடத்துக்கு முன் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றைக்கு, காபியில் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றால் நிறுத்தினாள்தான். அவள் அப்படிப்பட்ட பிறவி. ஆனால் காய்ச்சுவதை மட்டும் விடவில்லை. பழம் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இருக்காது, மழை பெய்தால் புளிக்கும். ஆகையால் கிலோ பழத்துக்குக் கிலோ சர்க்கரை என்று தன் அம்மா சொன்ன அளவில் போட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் தனிப் பாகு வைத்துக்கொள்வாள். பிறகு கரண்டி நுனியில் எடுத்து ஊதி ஆற்றி, புருஷன் வாயருகே நீட்டுவாள்.

"போதுமா?"

"இன்னும் ஒரு கரண்டி."

ஊற்றுவாள். மறுபடி நீட்டுவாள். அவர் எப்போது தலையாட்டுகிறாரோ அப்போது அடுப்பு அணையும். இப்படி லியூபின்காவின் பேர் முழுவதும் வெலிமிரின் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

முதல் சில வருடம் ஒரு கரண்டியில் தலையாட்டினார். பிறகு இரண்டு, நாலு. போன வருடம் ஏழு. லியூபின்கா மக்கு அல்ல, கவனித்தாள். ஆனால் புருஷனையா சந்தேகப்படுவாள், சாராயத்தைக்கூடத் தொடாத மனிதனை? பழத்தைச் சந்தேகப்பட்டாள். "வர வர புளிப்பு ஏறுதுங்க. அந்த நாத்துப் பண்ணைக்காரன் நமக்கு வேற ரகத்தைத் தலையில கட்டிட்டான்" என்றாள். சந்தையில் வைத்து அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அத்தோடு விடாமல் வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று வரிசை ராஸ்பெரிச் செடியையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிது வைக்கச் சொன்னாள். பிடுங்கியது யார்? வெலிமிர்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதுகு ஒடிய, நல்ல செடியைத் தோண்டித் தோண்டி எறிந்தார். நடுவில் களைப்பாறச் சர்க்கரைக் கட்டி வேறு.

வருடா வருடம் ஜூலை பன்னிரண்டு, புனித பேதுரு திருநாள், யெவ்ஜோவிச் வீட்டுக் குலக்கொண்டாட்டம். கூப்பிடாமலே ஊர் வரும். வந்தவர்கள் எல்லாரும் லியூபின்காவின் ஸ்லாட்கோவை ஒரு ஸ்பூன் எடுத்தார்கள், கண்ணை மூடி விழுங்கினார்கள், "கைக்கு ஆரோக்கியம், லியூபின்கா" என்றார்கள், இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டார்கள். ஆறு வருடமாக இது நடந்தது. ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! அந்த வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அந்த வீட்டுப் பாகைக் குறை சொல்லலாமா என்று மரியாதை பார்த்தார்கள். வெலிமிர் அந்த இரண்டாவது டம்ளரை எண்ணி எண்ணிப் பூரித்துப்போனார். "பாத்தியா, ருசி தாங்காம மூச்சு முட்டுது" என்று மனைவியிடம் சொன்னார்.

இந்த வருடம் ஜூன் நடுவில் மகள் நெவேனா பெல்கிரேடிலிருந்து வந்தாள். அங்கே மூளை, நரம்பு வியாதிக்காரர்களைப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நல்ல செய்தியோடு வந்தாள்: வல்யேவோக்காரப் பையன் உரோஷைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், அவனுடைய அப்பா அம்மா குலக்கொண்டாட்டத்துக்கு முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். லியூபின்கா கையைத் துடைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், உடனே ஸ்லாட்கோக் கிண்ணத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். நெவேனா அப்பாவைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, உரோஷோட அம்மா ஸ்லாவிட்சா சமையல் பள்ளிக்கூடத்துல டீச்சர். நம்ம ஊர்க்காரங்க மாதிரி இல்ல. நல்லா இல்லன்னா, நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க."

"சொல்லட்டுமே. உங்கம்மா ஸ்லாட்கோவை யாரு குறை சொல்ல முடியும்?"

"நான் சொல்றேன்பா. போன வருஷம் என் பங்கை யாருக்கும் தெரியாம ஜன்னல்ல இருந்த பூந்தொட்டியில கொட்டினேன். செடி செத்துப்போச்சு."

"அடிப்பாவி, அதுக்கு உங்கம்மா பூனையையில்ல வெரட்டினா!"

"பூனை என்னப்பா பண்ணும்? அது வெறும் சர்க்கரைப்பா. பழம் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. வாங்க இங்க." வரிசையில் முதலாகப் பழுத்த ராஸ்பெரி ஒன்றைப் பறித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "சாப்பிட்டுட்டு சொல்லுங்க."

வெலிமிர் மென்றார். "நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு. லேசா புளிப்பு."

நெவேனா அதே காம்பிலிருந்து இன்னொன்றைப் பறித்துத் தன் வாயில் போட்டாள். ருசித்து மென்றுவிட்டு அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லாததுதான் வெலிமிரை உலுக்கியது.

"நாக்குல புண்ணு கிண்ணு இருக்குமோ?" என்றார்.

"நாக்குல ஒண்ணுமில்லப்பா. தலைக்குள்ள ஒரு இடம் இருக்கு. நல்லது ஏதாவது வாயில பட்டா, 'ஆகா, இன்னொரு தடவை'ன்னு சந்தோஷப்படுற இடம். நீங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதைத் தட்டிக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும்? சலிச்சுப்போயி பாதிக் கதவைச் சாத்திக்கும். அப்புறம் ஒரு பழத்துக்கெல்லாம் அது தெறக்காது. வண்டி வண்டியா வேணும். வேணும் வேணும்கிற ஆசை மட்டும் ஏறிக்கிட்டே போகும், கிடைக்கிற சந்தோஷம் எறங்கிக்கிட்டே போகும்."

"இதெல்லாம் குடிகாரனுக்கு வர்றது."

"குடிகாரன் அளவுக்கு வருமான்னு பெரிய டாக்டருங்களுக்குள்ளயே சண்டை. ஆனா வர்ற வழி அதுதான்கிறாங்க."

வெலிமிருக்கு முகம் சுண்டிவிட்டது. குடிகாரன் மகன், குடிக்கவே மாட்டேன் என்று நின்றவர். அவரிடம் போய் இதைச் சொன்னால்?

"சரி, திரும்பி வருமா?"

"நாலஞ்சு வாரம் அடியோட விட்டுப் பாருங்க. நாக்கு முழிச்சுக்கலாம். ஆனா அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். ஆறு வருஷமா ஊரே முகம் சுளிச்சு முழுங்கிச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாங்க. நீங்க சரியாயிட்டா, அளவும் தானா சரியாயிடும்."

நல்ல யோசனைதான். செய்ய வேண்டிய ஆள் வெலிமிர் என்பது ஒன்றுதான் அதில் கோளாறு.

அப்போது புனித பேதுரு விரதம் நடந்துகொண்டிருந்தது. இறைச்சி, பால், முட்டை கிடையாது. வெலிமிர் விரதத்தோடு விரதமாகச் சர்க்கரையையும் விடுவதாக வீட்டில் வைத்திருந்த புனிதர் படமான ஐகானுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் கை நடுக்கம், எங்கோ குரைத்த நாயை நின்று திட்டினார். மூன்றாம் நாள் யாரோ ஒருவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைச் சாவு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நாலாம் நாள் மலைமேல் ஒரு விதவை, "ஏன் தம்பி, என் கை அசிங்கமாப் போச்சா?" என்று கண்கலங்கத் தட்டை நீட்டினாள். பாவம், வயதான பொம்பளை. அவளுக்காக ஒரு ஸ்பூன் எடுத்தார். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரிக்கும் மனசு என்று ஒன்று உண்டல்லவா? அவளுக்காகவும் ஒன்று.

அன்று சாயங்காலம் நேரே கோயிலுக்குப் போனார். "சாமி, ஒரு சந்தேகம். விரதத்துல சர்க்கரை ஆகுமா ஆகாதா?"

"சர்க்கரை ஆட்டுல கறக்கிறதா, கோழி இடுறதா? தாராளமா ஆகும்" என்றார் பாதிரியார், மெழுகுவத்தி மிச்சங்களைப் பொறுக்கிக்கொண்டே.

அவ்வளவுதான். திருச்சபையே அனுமதித்ததை நெவேனா தடுப்பாளா? ஐகான் முன்னால் செய்த சத்தியத்துக்கு ஐகான் பக்கத்து ஆளே விடுதலை கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வெலிமிர் விரதத்தை வெகு பக்தியாகக் கடைப்பிடித்தார். பாலாடைக்கட்டிக்குப் பதிலாக எள் அல்வா, முட்டைக்குப் பதிலாக ஜாம் தடவிய ரொட்டி, இறைச்சிக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் அல்வா. பெல்கிரேடு திரும்பிய மகள் போனில் கேட்டால், "விரதம் கடுமையாத்தான்மா போகுது" என்பார். மகளுக்குக் கொடுத்த அல்வா தனி.

ஜூலை ஆறாம் தேதி காலையில் லியூபின்கா அகலமான செம்புச் சட்டியை ஏற்றினாள். விடியலில் பறித்த பழம், வெயில் படாதது. வெலிமிர் ஒரு திட்டத்தோடு அடுப்பருகே நின்றார். ருசி தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? லியூபின்காவின் அம்மா சொன்ன அளவுக்குமேல் ஒரு சொட்டு வேண்டாம். முதல் தடவை கரண்டி நீட்டும்போதே 'போதும்' என்று சொல்லிவிட வேண்டியது. ஒரு வார்த்தைதானே? ராத்திரியே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லியூபின்கா நுரையை எடுத்தாள். கரண்டி நுனியில் பாகை எடுத்து, வழக்கம்போல ஊதி ஆற்றி, நீட்டினாள். அவள் முகத்தில் வேர்வை. "சம்பந்தி வர்றாங்க, நிதானமாப் பார்த்துச் சொல்லுங்க. போதுமா?"

வாயில் பட்டது. வெலிமிர் சொன்னார்: "இன்னும் ஒரு கரண்டி."

அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் ஊற்றினாள், சட்டியை ஆட்டினாள், நீட்டினாள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாங்கினார்.

"இன்னும் ஒண்ணு ஊத்தலாம்."

நல்ல ராஸ்பெரியை வேரோடு பிடுங்கவைத்த அதே சர்க்கரைப் பித்தன்தான் அவருக்குள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சம்பந்தியும் தெரியாது, பெண்டாட்டியும் தெரியாது. லியூபின்கா இரண்டாவது கரண்டிக்குப் பக்கத்து அடுப்பை நோக்கிக் கையை நீட்டினாள், துளி சந்தேகம் இல்லாமல். அந்தக் கையைப் பார்க்க வெலிமிருக்குத் தாங்கவில்லை. பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாத. எனக்குத் தெரியல, லியூபின்கா."

"என்ன தெரியல?"

"ருசி. போதுமா போதாதான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சு ரொம்ப வருஷமாச்சு."

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு, பதினாலு வருடமாகச் சர்க்கரை படாத வாயில், பல்குத்தும் குச்சி நுனியால் ஒரு சொட்டு தொட்டு வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து வெலிமிர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். லியூபின்கா தொட்டிக்கு ஓடித் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள்.

"இது ஒரே ஒரு கரண்டி" என்றாள். "போன வருஷம் ஏழு."

வெலிமிர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யோவ், ஏழு ஊத்தினேன்யா! அந்தக் கண்றாவியையா ஊரு உலகத்து வாயில வச்சேன்? ஆளாளுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாங்களே, அப்பவாவது உனக்கு உறைச்சுதா? ருசி தாங்கலையாம்ல!"

"நான் நெசமா அப்படித்தான் நெனச்சேன்."

"நாத்துப் பண்ணைக்காரனோட செத்துப்போன பாட்டன் வரைக்கும் இழுத்து வச்சு ஏசினேனே! மூணு வரிசை செடி! ஒருத்தனும் சொல்லலையே, ஒருத்தியும் சொல்லலையே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அழுதாள். வெலிமிருக்கும் அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. அதற்கு யாரும் கைக்குட்டை கொடுப்பதில்லை.

சட்டியோடு தூக்கிப்போய்க் கொல்லையில் கொட்டினாள். மறுநாள் புதிதாகப் பழம் பறித்துத் தானே காய்ச்சினாள், குச்சி நுனியால் தானே பார்த்தாள். அந்த ஐந்து நாளும் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

திருநாள் அன்று மத்தியானம் வல்யேவோக்காரர்கள் வந்தார்கள். உரோஷின் அப்பா மிலுதின், சிரித்த முகம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ஸ்லாவிட்சா கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பெண்மணி. உள்ளே வந்ததும் திரைச்சீலையை, மேசை விரிப்பை, வெலிமிரை அதே வரிசையில் ஒரு நோட்டம் விட்டார். லியூபின்கா தட்டை நீட்டினாள். நெவேனா சுவரோடு சுவராக நின்றாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

ஸ்லாவிட்சா ஒரு ஸ்பூன் எடுத்தார். வாயை மூடி, நிதானமாக, பரீட்சைத் தாளைப் படிக்கிற மாதிரி சுவைத்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"சம்பந்தியம்மா, ரெண்டாவது ஸ்பூன் எடுக்கிறது மரியாதை இல்ல" என்றார். "எடுத்துக்கிறேன்."

எடுத்தார். நெவேனாவுக்கு மூச்சு வந்தது.

"பழம் பழமாவே இருக்கு. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு இந்தப் பக்குவம் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து என் தொண்டைதான் வத்திப்போச்சு. உங்களுக்கு இனிப்பு ஆகாதுன்னு உரோஷ் சொன்னான். அப்ப பதம் பார்க்கிறது யாரு?"

லியூபின்கா புருஷன் பக்கம் கையைக் காட்டினாள். ஐந்து நாளைக்குப் பிறகு அவரைப் பற்றி அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"பதினாலு வருஷமா இவருதான். இந்தத் தடவைதான் முதல் முதலா, 'எனக்குத் தெரியல'ன்னு சொன்னாரு. அதுல வந்த பக்குவம் இது."

ஏதோ தன்னடக்கம் என்று நினைத்து மிலுதின் கடகடவென்று சிரித்தார். ஸ்லாவிட்சா சிரிக்கவில்லை, கண்ணாடிக்கு மேலாக வெலிமிரை இன்னொரு முறை பார்த்தார்.

தட்டு கடைசியாக வெலிமிரிடம் வந்தது. எடுத்தார். உள்ளே முழுப் பழம் ஒன்று இருந்தது, மென்றார். வெந்நீரில் ஊறிய பஞ்சு மாதிரி ஏதோ தொண்டையில் இறங்கியது. எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் இருந்தது, அவர் வாயில் மட்டும் ஒன்றும் இல்லை. நாற்காலியை மிலுதின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, எப்படி இருந்துச்சு?"

"அருமை! பிரமாதம்!"

"அது சரி. எப்படி அருமை?" வெலிமிர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வாயில போட்டதும் முதல்ல என்ன வந்துச்சு, புளிப்பா, வாசனையா? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்."

பாராட்டுக்கு அலைகிற மனிதன் என்று நினைத்துக்கொண்டார் மிலுதின். ஆனாலும் நல்ல மனுஷன், இன்னொரு முறை உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.